லாபத்தை வக்ஃபு செய்த ஹகீம் அப்துல் ஹமீத்

விருதுநகர் மாவட்டத்தில் ஆலங்குளம் என்று சொன்னால் உடனே சிமெண்ட் ஆலைதான் நினைவுக்கு வரும். தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் வேறு. நாம் சொல்வது ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியில் உள்ள ஆலங்குளம். 1970-ல் அரசு முதலீட்டில் ஆண்டுக்கு 4 லட்சம் டன் உற்பத்தித் திறனுடன் அந்த ஆலை தொடங்கப்பட்டது. 1976-ல் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகம் உருவானபோது அதன் கைக்கு வந்தது. வானம் பார்த்த கரிசல் பூமியில் அரசு ஓர் ஆலை வைப்பது சிமெண்ட் விற்பதற்கு மட்டுமல்ல. சுற்றுவட்டார மக்களுக்கு வேலை கிடைக்க வேண்டும், பள்ளியும் சாலையும் வரவேண்டும் என்ற எண்ணமும் அதில் இருந்தது. ஆனால் ஆலை பழைய ஈரமுறையில் அமைந்தது. சுண்ணாம்புக்கல்லைத் தண்ணீர் விட்டு அரைத்துக் கூழாக்கிச் சூளைக்கு அனுப்புவார்கள். அந்தத் தண்ணீரை வற்றவைக்கவே ஏராளமான நிலக்கரி தேவை. நிலக்கரியோ தொலைதூரத்திலிருந்து வரவேண்டும். காலப்போக்கில் ஆலை நஷ்டத்தில் தள்ளாடியது ஊரறிந்த கதை.

அதே மாவட்டத்தில் துலுக்கபட்டி அருகே இன்னொரு சிமெண்ட் ஆலை இருக்கிறது. ராஜபாளையத்தைச் சேர்ந்த பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1957-ல் தொடங்கிய மெட்ராஸ் சிமெண்ட்ஸ் நிறுவனத்தின் ஆலை அது. இன்று ராம்கோ என்று அறியப்படுகிறது. அதுவும் நாளொன்றுக்கு 200 டன் என்ற சிறிய அளவில், இதே ஈரமுறையில்தான் ஆரம்பித்தது. பிறகு உலர்முறைக்கு மாறியது, வளர்ந்தது. ராஜபாளையத்தில் அந்தக் குடும்பத்தின் பெயரில் பள்ளிகளும் பாலிடெக்னிக்கும் நடக்கின்றன. ஊருக்கும் செய்தார்கள், தொழிலும் நின்றது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழும். சமுதாயத்துக்குச் செய்வது தொழிலைக் கெடுக்குமா, வளர்க்குமா? பெரிய கம்பெனிகளுக்கு மட்டுமான கேள்வி அல்ல இது. ஜவுளிக்கடையோ மளிகைக்கடையோ வைத்திருக்கும் நம் குடும்பங்களிலும், ரமளான் நெருங்கும்போது கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் இதே கேள்வி வந்து நிற்கிறது. கொடுத்தால் கடையில் பரக்கத் வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். முதல் குறைந்தால் நாளை எதை வைத்துக் கொள்முதல் செய்வது என்று பிள்ளைகள் கேட்பார்கள். இரு தரப்பின் பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

இந்தக் கேள்வியோடு சுமார் 77 ஆண்டுகள் தொழில் நடத்திய ஒரு மனிதரின் வாழ்க்கையை இங்கே பார்க்கலாம். அவர் பெயர் ஹகீம் அப்துல் ஹமீத். பெயர் தெரியாதவர்களுக்கும் அவர் நிறுவனத்தின் சரக்கு தெரிந்திருக்கும். நோன்பு திறக்கும் நேரத்தில் பாலிலோ குளிர்ந்த நீரிலோ கலக்கும் அந்தச் சிவப்பு சர்பத், ரூஹ் அஃப்ஸா.

கதை அவருடைய தந்தை ஹகீம் ஹாஃபிழ் அப்துல் மஜீதிடமிருந்து தொடங்குகிறது. டெல்லியில் அப்போது யுனானி மருத்துவத்தின் பெரும் பெயர் ஹகீம் அஜ்மல் கான். அவருடைய ஹிந்துஸ்தானி தவாகானாவில் அப்துல் மஜீத் வேலை பார்த்தார். ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். அந்த மருந்துக்கடையின் வருமானத்தை அஜ்மல் கான் தம் வீட்டுக்கு எடுத்துச் செல்லவில்லை. மருத்துவக் கல்லூரி நடத்துவதற்கு ஒதுக்கினார். டெல்லி கரோல்பாகில் உள்ள திப்பியா கல்லூரியை 1921 பிப்ரவரியில் காந்தியடிகள் திறந்து வைத்தார். மருந்து விற்று வரும் பணம் மருத்துவப் படிப்புக்குப் போகலாம் என்ற யோசனை, ஆக, அப்துல் ஹமீதின் கண்டுபிடிப்பு அல்ல. அவர் வளர்ந்த ஊரில் கண்ணெதிரே இருந்த நடைமுறை அது.

1906-ல் பழைய டெல்லியின் ஹவ்ஸ் காஸி பகுதியில் அப்துல் மஜீத் சொந்தமாக ஒரு சிறிய மருந்துக்கடை போட்டார். வைத்த பெயர் ஹம்தர்த். பாரசீகத்தில் வலியைப் பகிர்ந்துகொள்பவர் என்று பொருள். அடுத்த ஆண்டே டெல்லியின் கோடை அனல்காற்றுக்கு மருந்தாக, ரோஜா, தாழம்பூ, மூலிகைகள், பழச்சாறுகள் சேர்த்து அவர் தயாரித்ததுதான் ரூஹ் அஃப்ஸா. மருந்தாகப் பிறந்தது, ருசியால் வீட்டுப் பானமானது. 1910-ல் மிர்ஸா நூர் அஹ்மத் என்ற ஓவியர் வரைந்த வண்ண லேபிளை அச்சிட டெல்லியில் வசதியில்லாமல் பம்பாய்க்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் ஒரு தெருக்கடைக்காரர் லேபிளுக்கு இவ்வளவு மெனக்கெட்டது சாதாரண விஷயமல்ல.

அப்துல் ஹமீத் 1908 செப்டம்பர் 14 அன்று டெல்லியில் பிறந்தார். அவருக்கு 14 வயது நடந்தபோது, 1922-ல், தந்தை வஃபாத்தானார். இளையவர் முஹம்மது சயீதுக்கு அப்போது இரண்டு வயது. தாயார் ராபியா பேகம் கடையை மூடவில்லை, விற்கவுமில்லை. பர்தாவுக்குள் வாழ்ந்த ஓர் இளம் விதவை, பள்ளிப் பருவத்து மூத்த மகனைக் கடையில் உட்காரவைத்துக் கணக்கைத் தாம் கவனித்தார் என்பதை நாம் சற்று நிதானித்து எண்ணிப் பார்க்க வேண்டும். யத்தீம் பிள்ளைகளின் சொத்து உறவினர் கைகளில் கரைந்துபோவதை நம் ஊர்களில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். இங்கே அப்படி நடக்கவில்லை. ஹம்தர்தைப் பற்றி எழுதுபவர்கள் பிள்ளைகள் இருவரையும் புகழ்கிறார்கள். அந்தத் தாய்க்கு உரிய இடத்தைத் தருபவர்கள் குறைவு.

அப்துல் ஹமீத் யுனானி மருத்துவத்தை முறையாகப் பயின்றார். கடையையும் மாற்றினார். அதுவரை ஹகீம்களின் மருந்து என்பது உரலில் இடித்து, அடுப்பில் காய்ச்சி, பொட்டலமாகக் கட்டித் தருவது. ஒரு கையில் ஒரு பதம், இன்னொரு கையில் இன்னொரு பதம். இதை இயந்திரத்துக்குக் கொண்டுபோனவர்களில் அவர் முன்னோடி. மூலிகையைத் தரம் பார்த்து வாங்குவது, ஒரே அளவில் அரைப்பது, ஒரே சுவையில் பாட்டிலில் அடைப்பது, நாடு முழுவதும் ஏஜென்டுகள் மூலம் அனுப்புவது என்று தொழில் விரிந்தது. சாஃபி, சிங்காரா, ஜோஷினா, ரோகன் பாதாம் ஷிரீன் போன்ற பெயர்கள் வடநாட்டு வீடுகளில் புழங்கத் தொடங்கின. சுதந்திரம் வருவதற்கு முன்பே ஹம்தர்த் பெரிய நிறுவனமாகிவிட்டது. பின்னால் நாம் சொல்லப்போகும் கணக்குக்கு இது முக்கியம் என்பதால் இங்கேயே குறித்துக்கொள்வோம்.

1947 வந்தது. டெல்லியில் கலவரம். முஸ்லிம் குடும்பங்கள் புராணா கிலாவிலும் ஹுமாயூன் சமாதி வளாகத்திலும் அகதிகளாகத் தஞ்சமடைந்தன. 3 லட்சத்துக்கும் அதிகமான முஸ்லிம்கள் அந்த நகரத்தை விட்டு வெளியேறினார்கள். தொழில் பழகியவர்கள், வாடிக்கையாளர்கள், உறவினர்கள் என்று ஹம்தர்தைச் சுற்றியிருந்த உலகமே கலைந்தது. 1948 ஜனவரியில் தம்பி முஹம்மது சயீத் கராச்சிக்குப் புறப்பட்டார். அங்கே வாடகை இடத்தில், புதிதாக, அதே பெயரில் ஒரு மருந்தகம் தொடங்கினார்.

அண்ணன் போகவில்லை. 39 வயது, பெரிய தொழில், எதிர்காலம் என்னவென்று யாருக்கும் தெரியாத காலம். பாகிஸ்தான் சென்றவர்களின் சொத்துகளை அரசு தன் பொறுப்பில் எடுக்கும் சட்டங்கள் அப்போது அடுத்தடுத்து வந்துகொண்டிருந்தன. குடும்பத்தில் ஒருவர் எல்லை தாண்டியிருந்தால், இங்கே தங்கிவிட்டவருக்கும் தூக்கம் வராது. இந்தச் சூழலில், அதே 1948-ல், அப்துல் ஹமீத் ஹம்தர்தை வக்ஃபு செய்தார். கடை, ஆலை, சரக்கு, பெயர், எல்லாம் அதில் அடங்கும்.

இது பயத்தில் செய்ததா, பக்தியில் செய்ததா என்று இன்று உட்கார்ந்துகொண்டு பிரித்துப் பார்க்க நம்மால் முடியாது. எண்ணங்களை அறிபவன் அல்லாஹ் ஒருவனே. ஆனால் பயம் மட்டுமே காரணமாக இருந்திருந்தால், நிலைமை சீரான பிறகு அவருடைய கை சுருங்கியிருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை என்பதற்கு அடுத்த 50 ஆண்டுகள் சாட்சி.

பள்ளிவாசலுக்கும் தர்காவுக்கும் நிலம் வக்ஃபு செய்வது நமக்குப் பழக்கம். வீடு, தோப்பு, கடை வாடகை வக்ஃபு செய்வதும் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தொழிலையே, அதன் லாப நஷ்டத்தோடு வக்ஃபு செய்வது அரிது. நிலம் சும்மா கிடந்தாலும் நிலமாகவே இருக்கும். தொழிலைச் சும்மா விட்டால் ஐந்து ஆண்டில் ஒன்றும் மிஞ்சாது. எனவே அதற்கு எழுதப்படும் பத்திரம் மிகுந்த யோசனையோடு இருக்க வேண்டும்.

ஹம்தர்த் பத்திரத்தில் வருமானம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பங்கு சமுதாயத்துக்கு. ஒரு பங்கு குடும்பத்துக்கு. குடும்பத்துக்கும் பங்கு வைத்தால் அது எப்படி வக்ஃபு ஆகும் என்று சிலருக்குத் தோன்றலாம். வக்ஃபு அலல் அவ்லாத் என்ற பெயரில் நம் சட்ட நூல்களில் இதற்கு இடமுண்டு. ஆங்கிலேயர் காலத்தில் 1894-ல் லண்டன் பிரிவி கவுன்சில் ஒரு தீர்ப்பில் இவ்வகை வக்ஃபுகள் செல்லாது என்று சொல்லிவிட்டது. முஸ்லிம்கள் நாடு முழுவதும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஜின்னா கொண்டுவந்த மசோதா 1913-ல் சட்டமாகி, இறுதிப் பயன் தர்மத்துக்குப் போவதாக இருந்தால் குடும்ப வக்ஃபு செல்லும் என்று ஆனது. அந்தச் சட்டம் இல்லாமல் போயிருந்தால் ஹம்தர்த் வக்ஃபு இந்த வடிவத்தில் வந்திருக்காது.

குடும்பத்துக்குப் பங்கு வைத்ததை நாம் குறையாகப் பார்க்கவில்லை. தொழிலை நடத்துகிறவர் பட்டினி கிடந்தால் அவர் கை வேறு வழியில் கல்லாப்பெட்டிக்குப் போகும். இவ்வளவு உனக்கு, மீதி உன்னுடையதல்ல என்று எழுத்தில் வரையறுப்பது பிற்காலத்துத் தகராறுகளைக் குறைக்கும். லாபத்தில் 85 சதவீதம் ஹம்தர்த் தேசிய அறக்கட்டளை வழியாகப் பொதுப்பணிகளுக்குப் போகிறது என்று ஹம்தர்த் தரப்பில் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். இன்றைய சட்டத்தோடு ஒப்பிட்டால் இந்த எண்ணின் எடை புரியும். 2014 ஏப்ரல் முதல் நம் நாட்டில் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு நடைமுறையில் இருக்கிறது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்பனையோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2 சதவீதத்துக்கே எத்தனை கம்பெனிகள் ஆடிட்டரைத் தேடி ஓடுகின்றன என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

இனி, அந்தப் பணத்தை அவர் எப்படிக் கையாண்டார் என்பது. நம் பார்வையில் இதுதான் இந்த வாழ்க்கையின் சிறப்பான பகுதி.

முதலாவதாக, அவர் தொழிலையும் தர்மத்தையும் ஒரே கல்லாவில் கலக்கவில்லை. ஆய்வுக்கூடத்தின் வேலை மருந்து தயாரிப்பது, நல்ல விலைக்கு விற்பது, அடுத்த இயந்திரத்துக்குப் பணம் ஒதுக்குவது. 1964-ல் ஹம்தர்த் தேசிய அறக்கட்டளையைத் தனியாக அமைத்தார். லாபம் அங்கே போகும். அங்கிருந்து கல்விக்கும் மருத்துவத்துக்கும் பிரியும். ஆலங்குளம் ஆலையைப் பற்றிப் பேசும்போது, சமூக நோக்கம் இருந்ததால்தான் நஷ்டம் வந்தது என்று சிலர் சொல்வதுண்டு. நமக்கு அது சரியாகப் படவில்லை. சூளை பழையதாகிவிட்டால் நல்ல எண்ணம் நிலக்கரிச் செலவைக் குறைக்காது, அவ்வளவுதான். ஹகீம் சாஹிப் இதை அறிந்திருந்தார். தர்மத்துக்கு நிற்கும் மரத்தின் வேருக்கும் தண்ணீர் போக வேண்டும் என்பதில் அவர் கவனமாக இருந்தார்.

இரண்டாவதாக, வருகிறவருக்கெல்லாம் கொஞ்சம் என்று பணத்தைச் சிதறவிடவில்லை. தம் தொழில் எந்த அறிவிலிருந்து பிறந்ததோ அதே அறிவுக்குப் பெரும்பகுதியைத் திருப்பினார். டெல்லியின் தென்கோடியில் துக்ளகாபாத் அருகே பாறையும் முள்ளுமாகக் கிடந்த நிலத்தை வாங்கினார். 1962-ல் மருத்துவ வரலாறு மற்றும் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம், 1963-ல் இஸ்லாமிய ஆய்வுகளுக்கான இந்திய நிறுவனம், பிறகு திப்பிக் கல்லூரி, 1972-ல் மருந்தியல் கல்லூரி, 1980-களில் மஜீதியா மருத்துவமனை, ருஃபைதா செவிலியர் கல்லூரி என்று ஒவ்வொன்றாக அந்த முள்காட்டில் எழுந்தன. நபிகளாரின் காலத்தில் காயமடைந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்த ருஃபைதா (ரலி) அவர்களின் பெயரைச் செவிலியர் கல்லூரிக்கு வைத்ததைப் பாராட்டத்தான் வேண்டும். நம் பெண்பிள்ளைகளை நர்ஸிங் படிக்க அனுப்பத் தயங்கிய காலம் அது.

இவை எல்லாம் இணைந்து 1989-ல் ஜாமிஆ ஹம்தர்த் என்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயின. அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் தொடங்கி வைத்தார். முதல் வேந்தர் ஹகீம் சாஹிப். முதல் நிறுவனம் தொடங்கியதிலிருந்து பல்கலைக்கழகம் ஆகும் வரை 27 ஆண்டுகள். இடையில் அவர் திசை மாறவில்லை. ஓராண்டு கண் சிகிச்சை முகாம், மறு ஆண்டு மரக்கன்று, அடுத்த ஆண்டு மிதிவண்டி என்று ஆண்டறிக்கையில் புகைப்படம் போடுவதற்காகச் செய்யும் பணிகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதில்தான் இருக்கிறது.

மருத்துவத்துக்கு வெளியே அவர் செய்ததும் உண்டு. மிர்ஸா காலிபின் அடக்கத்தலம் நிஜாமுத்தீனில் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அதன் அருகே காலிப் அகாடமியை எழுப்பினார். 1969 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் டாக்டர் ஜாகிர் ஹுசைன் அதைத் திறந்து வைத்தார். முஸ்லிம் மாணவர்கள் ஐ.ஏ.எஸ். தேர்வுக்குத் தங்கிப் படிக்க ஹம்தர்த் படிப்பு வட்டத்தை 1990-களின் தொடக்கத்தில் அமைத்தார். இதைப் பார்த்துப் பிற்காலத்தில் பல அமைப்புகள் இத்தகைய பயிற்சி மையங்களைத் தொடங்கின.

இத்தனைக்கும் அவர் வாழ்ந்த விதம் எளிமையானது. வெள்ளை ஷெர்வானி, தொப்பி, நேரம் தவறாத அன்றாட ஒழுங்கு. நோயாளிகளைப் பார்ப்பதற்குக் கட்டணம் வாங்கவில்லை. இந்தப் பழக்கத்தைக் கடைசிக் காலம் வரை விடவில்லை. அரசு 1965-ல் பத்மஸ்ரீயும் 1992-ல் பத்மபூஷணும் அளித்தது.

சரி, இதனால் தொழில் வளர்ந்ததா?

இங்கே நாம் அவசரப்படக் கூடாது. வக்ஃபு செய்ததால்தான் ஹம்தர்த் வெற்றி பெற்றது என்று மேடையில் பேசுவது எளிது. முன்னமே குறித்தபடி, 1948-க்கு முன்பே அது பெரிய நிறுவனம். ரூஹ் அஃப்ஸா அவருடைய தந்தை காலத்திலேயே பெயர் பெற்றது. பணம் இருந்ததால் கொடுக்க முடிந்தது என்றும் சொல்லலாம். இது உலகெங்கும் உள்ள சிக்கல். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் 1970-ல் எழுதிய கட்டுரையில், சட்டத்துக்கு உட்பட்டு லாபம் ஈட்டுவதே கம்பெனியின் பொறுப்பு என்று வாதாடினார். அதன் பிறகு நூற்றுக்கணக்கில் ஆய்வுகள் வந்தன. 2003-ல் மார்க் ஒர்லிட்ஸ்கி உள்ளிட்ட மூவர் 52 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, சமூகப் பொறுப்புக்கும் லாபத்துக்கும் நல்ல விதமான தொடர்பு இருக்கிறது, அதுவும் இருபுறமும் செல்லும் தொடர்பு என்று கண்டார்கள். நல்லது செய்யும் கம்பெனி லாபம் பெறுகிறது; லாபம் பெறும் கம்பெனி நல்லது செய்கிறது. எது முட்டை, எது கோழி என்பது அத்தனை தெளிவாக இல்லை.

ஆனாலும் ஹம்தர்த் விஷயத்தில் சில காரணங்களை நம்மால் கண்ணால் பார்க்க முடிகிறது. யுனானி மருந்து வாங்குகிறவர் அதன் தரத்தைச் சோதிக்க வழியில்லை. குங்குமப்பூவுக்குப் பதில் வேறு ஏதாவது கலந்தாலும் தெரியாது. விற்பவர் எப்படிப்பட்டவர் என்பதே அவருக்குக் கிடைக்கும் ஒரே அத்தாட்சி. தம் லாபத்தை எடுத்துச் செல்லாதவர், கலப்படம் செய்து யாருக்குச் சேர்க்கப் போகிறார் என்று மக்கள் நினைப்பார்கள். பிரிவினைக்குப் பிந்தைய டெல்லியில் ஒரு முஸ்லிம் நிறுவனத்தின் மருந்தை ஹிந்து, சீக்கியக் குடும்பங்களும் தொடர்ந்து வாங்கின என்றால், அந்த நம்பிக்கைக்கு விலை உண்டு. இன்னொன்று, பங்குதாரர்கள் ஆண்டுதோறும் ஈவுத்தொகை கேட்டு நெருக்காததால் நீண்டகாலத் திட்டங்களுக்குப் பணம் நிறுத்தி வைக்க முடிந்தது. அவர் கல்லூரிகளில் படித்த யுனானி மருத்துவர்களும் மருந்தியல் பட்டதாரிகளும் அந்த மருத்துவ முறையையே தூக்கி நிறுத்தினார்கள். அதில் ஹம்தர்துக்கும் லாபம் உண்டுதான். அதை மறைக்க வேண்டியதில்லை. தர்மத்தில் கொடுப்பவருக்கும் நன்மை இருப்பது குற்றமல்ல.

அந்த நம்பிக்கைக்கு எதிரான பக்கமும் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இது வாழ்க்கை வரலாறாக இராது, பாராட்டுப் பத்திரமாகிவிடும். 1954-ல் மருந்து விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் ஒரு சட்டம் வந்தது. குறிப்பிட்ட சில நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்பது அதன் சாரம். ஹம்தர்த் அதை எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்றது. 1959 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. சட்டத்தின் சில பகுதிகளை நீதிபதிகள் நீக்கினாலும், இத்தகைய வணிக விளம்பரம் பேச்சுரிமையின் பாதுகாப்பில் வராது என்று சொல்லிவிட்டார்கள். சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு அது. பழப் பானங்களில் பழச்சாறு எவ்வளவு இருக்க வேண்டும் என்ற அரசு உத்தரவை எதிர்த்து ரூஹ் அஃப்ஸாவுக்காக நடத்திய வழக்கும் 1965-ல் தோற்றது. யுனானி முறையை ஆங்கில மருத்துவத்தின் அளவுகோலால் அளக்கிறார்கள் என்ற ஆதங்கம் ஹம்தர்துக்கு இருந்திருக்கலாம். ஆனாலும், நோயாளிக்கு எதை வாக்களிக்கலாம் என்பதில் கட்டுப்பாட்டை ஏற்றிருந்தால் வக்ஃபு என்ற பெயருக்கு இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும் என்பது நம் கருத்து. கல்லூரி கட்டுவது சமூகப் பொறுப்பு என்றால், லேபிளில் எழுதுவதும் சமூகப் பொறுப்புதான்.

வருமான வரி விஷயத்திலும் வழக்குகள் நீண்டன. குடும்பப் பங்கும் சமுதாயப் பங்கும் சேர்ந்த பத்திரம் வரித்துறைக்கு எப்போதும் தலைவலி. எது அறக்கட்டளை வருமானம், எது சொந்த வருமானம் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். இன்று குடும்பத் தொழிலில் ஒரு பகுதியை வக்ஃபு செய்ய எண்ணுபவர்கள் ஆலிமிடம் பத்திரத்தைக் காட்டுவது போலவே வரி ஆலோசகரிடமும் காட்டிவிடுவது நல்லது.

கராச்சித் தம்பியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஹகீம் முஹம்மது சயீதும் 1953-ல் பாகிஸ்தான் ஹம்தர்தை வக்ஃபு செய்தார். அவரும் நூலகம், பள்ளி, பல்கலைக்கழகம் என்று கட்டினார். 1993-ல் சிந்து மாகாண ஆளுநராக இருந்தார். 1971-க்குப் பிறகு பங்களாதேஷில் இருந்த கிளையும் தனி வக்ஃபாக நடந்தது. ஒரே பெயர், ஒரே சர்பத், ஒரே முறை, மூன்று நாடுகளில். எல்லைக்கோடுகள் மாறியும் நிறுவனம் மூன்று இடத்திலும் உயிரோடிருந்தது என்பதை, வக்ஃபு முறை தொழிலுக்கு ஒத்துவராது என்பவர்கள் கவனிக்க வேண்டும். 1998 அக்டோபர் 17 அன்று கராச்சியில் தம் மருத்துவமனை வாசலில் ஹகீம் சயீத் சுட்டுக் கொல்லப்பட்டார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

அதற்கு ஒன்பது மாதம் கழித்து, 1999 ஜூலை 22 அன்று, டெல்லியில் ஹகீம் அப்துல் ஹமீத் வஃபாத்தானார். வயது 90. 14 வயதில் கடையில் அமர்ந்தவர் விட்டுச்சென்றவை ஒரு பல்கலைக்கழகம், ஒரு மருத்துவமனை, பள்ளிகள், ஓர் அகாடமி, நூலகங்கள், இன்னும் ஓடிக்கொண்டிருந்த ஆலைகள்.

அடுத்த தலைமுறையில் நிர்வாகம் அவருடைய மகன்கள், பேரன்கள் கைக்கு வந்தது. பத்திரம் எவ்வளவு கவனமாக எழுதப்பட்டாலும் முதவல்லி யார், அவருக்கு அடுத்து யார் என்ற இடத்தில் குடும்பங்கள் இடறுவது உலக வழக்கம். இங்கும் கருத்து வேறுபாடுகள் எழுந்தன, நீதிமன்றம் வரை போயின. பிறகு உணவுப் பிரிவை ஒரு தரப்பும் மருந்துப் பிரிவை இன்னொரு தரப்பும் நடத்தும் ஏற்பாடு உருவானது. 77 ஆண்டுகள் ஒரே மனிதரின் நேர்மையில் ஓடிய வண்டிக்கு, அவருக்குப் பிறகான ஏற்பாட்டை அவர் இன்னும் இறுக்கமாகச் செய்திருக்கலாமோ என்று தோன்றுகிறது. குடும்பத்துக்கு வெளியே இருந்து, கணக்குக் கேட்கும் அதிகாரத்தோடு இரண்டு மூன்று பேரை அமர்த்தும் வழக்கம் நம் வக்ஃபுகளில் இன்றும் அரிதாகவே இருக்கிறது. ஊர் ஜமாஅத்துகளும் இதை யோசிக்கலாம்.

2019 ரமளானில், கடும் கோடையில், இந்தியக் கடைகளில் ரூஹ் அஃப்ஸா கிடைக்காமல் போனது. குடும்பத் தகராறுதான் காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. மூலிகை வரத்து குறைந்ததே காரணம் என்று நிறுவனம் சொன்னது. கராச்சி ஹம்தர்தோ, இந்திய அரசு அனுமதித்தால் வாகா எல்லை வழியாக லாரிகளில் அனுப்பத் தயார் என்று முன்வந்தது. அந்த லாரிகள் வரவில்லை. சில வாரங்களில் இங்கேயே உற்பத்தியாகி விநியோகம் சீரானது.